மேடையை விட்டுப்போன நடிகை

கிளென்டா ஜக்சன் 1992இல் மேடையைத் துறந்து பிரித்தானியப் பாராளுமன்றம் புகுந்ததைக் கலைக்கு நேர்ந்த இழப்பென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இத்தகைய மேதை, தொகுதிவாசிகளின் வீட்டுப் பிரச்சினைகளோடு மாரடிப்பதா என்ற ஆதங்கம் எனக்கு.

1936இல் பேர்க்கன்ஹெட் நகரில் ஒரு மேசனின் மகளாய்ப் பிறந்தவர் அவர். இரண்டாண்டுகள் மருந்துக்கடையில் வேலை செய்த பின்னரே நாடகக் கல்லூரியில் காலடி வைத்தார். 1971இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரொன்றில் முதலாம் எலிசபெத்தாகத் தோன்றுவதற்காக முன்தலையை மழித்துக்கொண்டார். அழகே மூலதனமெனக் கருதப்படும் தொழிலில் இது சிறு காரியமன்று. ஒஸ்கார் விருதும் இருமுறை கிடைத்தது, அது கிடக்கட்டும்.

தொழிற்கட்சி உறுப்பினராயிருந்தும், தம் கட்சி அரசின் ஈராக் யுத்தத்தை எதிர்த்தார். 2013இல் தச்சர் மறைந்தபோது சபையிற் புகழுரைகள் பொழிந்தன. இவரோ, எதிர்வரிசையின் கூச்சலுக்கிடையே, அவ்வாட்சியிற் கடைவாசல்களைப் படுக்கையறையாக்கிக்கொண்ட வீடற்றோரையும், வெறுமையாய்க் கிடந்த பாடசாலை நூலக அலுமாரிகளையும் எடுத்துரைத்தார்.

2015இல் பாராளுமன்றத்தை விட்டு விலகினார். மறு ஆண்டு, எண்பது வயதில், இலண்டன் ஓல்ட் விக் அரங்கில் லியர் மன்னனாகவே நடித்தார்! கொட்டும் புயலில் நின்று, கூரையற்ற ஏழைகளை அம்மன்னன் முதன்முறையாக நினைக்குங் காட்சியொன்று அந்நாடகத்தில் உண்டு. நான் அந்த அரங்கைக் கண்டவனல்லன். ஆயினும் வகுப்பில் அக்காட்சியைப் படிப்பிக்கும்போதெல்லாம், அவ்வடிகளை அவர் எக்குரலிற் சொல்லியிருப்பார் என்றே இப்போது எண்ணத் தோன்றுகிறது.