போன விதை திரும்பி வரணும்

"என்னடா, அந்தப் புள்ள இன்னும் கிளம்பலையா?"

2025 ஜூன் மாசம் முழுக்க அம்மா என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்த கேள்வி இது. அந்தப் புள்ளங்கிறது சுபான்ஷு சுக்லா. லக்னோக்காரர், விமானப்படை விமானி. 1984ல ராகேஷ் சர்மா போனதுக்கப்புறம், 41 வருஷம் கழிச்சு விண்வெளிக்குப் போற நம்ம நாட்டு வீரர். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள்ள கால் வைக்கிற முதல் இந்தியரும் அவர்தான். அமெரிக்கா, போலந்து, ஹங்கேரிக்காரங்க மூணு பேரோட ஆக்ஸியம்-4 பயணத்துல போகணும்.

மே 29ன்னாங்க, ஜூன் 8ன்னாங்க. காத்து சரியில்லைன்னு ஒரு தடவை தள்ளிப்போச்சு. ராக்கெட்டைச் சோதிச்சப்ப திரவ ஆக்சிஜன் கசியுதுன்னு இன்னொரு தடவை நிறுத்தினாங்க. கசிவைச் சரிபண்ணி, திரும்பச் சோதிச்ச பிறகுதான் கிளம்பணும்னு நம்ம இஸ்ரோ தரப்புலயும் சேர்ந்து முடிவெடுத்தாங்க. அப்புறம் நிலையத்தோட ரஷ்யப் பகுதியில காத்துக் கசிவுன்னு இன்னும் சில நாள் போச்சு.

எங்களுக்கு அது குறுவை நாத்து விடுற நேரம். ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சு, தண்ணி எங்க வாய்க்காலுக்கு இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு நாங்களும் காத்துக்கிட்டுதான் இருந்தோம். அதனால அந்தப் புள்ள மேல அம்மாவுக்கு ஒரு தனிப் பாசம்.

ஜூன் 25 மதியம் 12 மணி. வயல்லேருந்து வந்து, சேத்துக் காலோட திண்ணையில உக்காந்து, போன்ல பார்த்தோம். புளோரிடாவுல ராக்கெட் கிளம்பிச்சு. 28 மணி நேரம் கழிச்சு, மறுநாள் சாயங்காலம், 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்திக்கிட்டிருக்கிற நிலையத்துல போய்ச் சேர்ந்தாங்க.

என்னை இழுத்துப் பிடிச்சது அவங்க கொண்டுபோன விதைதான். தார்வாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க வெந்தயமும் பாசிப்பயறும் குடுத்துவிட்டிருந்தாங்க. நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டி சாமான்! அதைச் சின்னத் தட்டுல முளைக்க வச்சு, முளை விட்டதும் குளிர்பெட்டியில வச்சிட்டாரு சுக்லா. நம்ம மண்ணுல வேர் கீழ இறங்கும், தண்டு மேல வரும். புவியீர்ப்பே தெரியாத இடத்துல கீழங்கிறது எது? அதைத்தான் பார்க்கணுமாம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்துலேருந்து ஜோதி, உமான்னு ரெண்டு நெல் ரகமும், எள்ளு, கத்தரி, தக்காளின்னு வேற விதையும் போச்சு. அதை அங்க முளைக்க விடல. சும்மா இருந்துட்டுத் திரும்பி வரும். அப்புறம் இங்க விதைச்சு, தலைமுறை தலைமுறையாப் பார்ப்பாங்க.

இதை அம்மாகிட்ட சொன்னேன். அவங்க ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"எல்லா விதையையும் மேலயே அனுப்பிட்டாங்களா? இங்க கொஞ்சம் வச்சிருக்காங்கல்ல?"

இந்த மாதிரி ஆராய்ச்சியில அதே விதையில ஒரு பங்கைத் தரையில வச்சு ஒப்பிட்டுப் பார்க்கிறதுதான் வழக்கம்னு சொன்னேன். "அப்ப சரி"ன்னுட்டு எழுந்து உள்ள போயிட்டாங்க. நான்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

எங்க வீட்டுல தாத்தா காலத்துலேருந்து ஒரு கருடன் சம்பா விதை இருந்துச்சு. அம்மா வருஷா வருஷம் வைக்கோல் பிரியில கோட்டை கட்டி வைப்பாங்க. பாதியை விதைக்கணும், பாதியைத் தொடக் கூடாது. மறு அறுவடை வீட்டுக்கு வந்த பிறகுதான் பழைய கோட்டையைப் பிரிக்கலாம். நான் ஒரு வருஷம், நல்ல விலை கிடைக்கும்னு, முழுசையும் விதைச்சேன். அம்மா வேண்டாம்னாங்க, கேட்கல. 2021 ஜனவரியில, அறுவடைக்கு நிக்கிற நேரத்துல அடிச்சுது மழை. கதிர் சாய்ஞ்சு, தண்ணியில கிடந்து, வயல்லயே முளைச்சுப் போச்சு. பச்சைப் பசேல்னு முளை. முளைக்கக் கூடாத நேரத்துல முளைச்ச நெல்லைப் பார்க்கிற மாதிரி கொடுமை வேற இல்லை. ஒரு மரக்கா கூட மிஞ்சல.

பிறகு நெல் திருவிழாவுல ரெண்டு கிலோ கருடன் சம்பா வாங்கி வந்தேன். ரெண்டு வாங்கினா அடுத்த வருஷம் நாலாத் திருப்பித் தரணும், அதுதான் அங்க கணக்கு. அம்மா கையில அள்ளிப் பார்த்துட்டு, "நல்ல விதைதான். ஆனா நம்மது இல்லடா"ன்னாங்க. அதுக்கு மேல இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை திட்டினது இல்லை.

ஜூலை 14 சாயங்காலம் அவங்க நிலையத்தை விட்டுப் பிரிஞ்சாங்க. மறுநாள் மதியம் மூணு மணிக்கு அம்மா எனக்கு முன்னாடியே திண்ணையில உக்காந்திருந்தாங்க. காத்து மண்டலத்துல உராய்ஞ்சு, வெளிப்பக்கம் நெருப்பா எரிஞ்சுக்கிட்டுதான் அந்தக் கலம் இறங்கணும். அந்த நேரத்துல பேச்சுத் தொடர்பும் கொஞ்ச நேரம் அத்துப்போகும். அம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. அப்புறம் நாலு குடையும் விரிஞ்சு, கலிபோர்னியா பக்கம் கடல்ல மெதுவா இறங்குச்சு.

"புள்ள வந்துட்டான்"னாங்க அம்மா. கொஞ்சம் பொறுத்து, "விதையும் வந்துடுச்சா?"ன்னாங்க.

"வந்துடுச்சும்மா."

போறது மட்டும் பயணம் இல்லைங்க. மனுஷனா இருந்தாலும் விதையா இருந்தாலும், வீடு வந்து சேர்ந்தாதான் கணக்கு. கிளம்புறதைத் தள்ளித் தள்ளிப் போட்டாங்களேன்னு நாம சலிச்சுக்கிட்டோம். திரும்பி வரணும்னு நினைக்கிறவங்கதான் அப்படிக் காத்திருப்பாங்க. எனக்கு அன்னைக்கு அந்தப் பொறுமை இல்லை.

இந்த வருஷம் சம்பாவுக்குக் கருடன் விடப் போறேன். பாதிதான். மீதியைக் கோட்டை கட்டி உத்திரத்துல தொங்கவிட்டாச்சு. கட்டினது அம்மா. பிரி திரிச்சுக் குடுத்தது நான்.