மாவனல்லை மாணவனின் ஒன்பது மாதங்கள்

2024 ஏப்ரலில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் காசாவுக்காகக் கூடாரமடித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், கொழும்பு - கண்டி வீதியிலுள்ள மாவனல்லையைச் சேர்ந்த ஒரு மாணவனைத் தெஹிவளையில் பொலிஸார் கைதுசெய்தபோது பார்த்தவர்கள் மிகச் சிலர்.

அடையாள அட்டை கையில் இல்லை என்பதில்தான் தொடங்கியது. பிறகு இஸ்ரேலுக்கு எதிரான ஓர் இன்ஸ்டகிராம் பதிவில் போய் நின்றது. அதற்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம்! பிணை கிடைத்தது 2025 ஜூலையில். ஏறக்குறைய ஒன்பது மாதப் படிப்பும் இளமையும் போனது போனதுதான்.

தமிழ் வீடுகளுக்கு இந்தச் சட்டத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1979இல் தற்காலிகமென்று வந்தது, 1982இல் நிரந்தரமானது. பூசா தடுப்பு முகாம் வாசலில் பிள்ளையைத் தேடி நின்ற தாய்மாரின் வலி இப்போது மாவனல்லையில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. அந்த வீட்டுக்காக வடக்கிலிருந்தும், மலையகத்திலிருந்தும், பேராதனை வளாகத்திலிருந்தும் இன்னும் உரத்த குரல் எழுந்திருக்க வேண்டும்.

1988இலேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்த நாடு இலங்கை. பாலஸ்தீனத்துக்காகப் பேசிய அந்த மாணவன் சிறையிலிருந்து வெளியே வந்த நாளிலும் அந்தச் சட்டம் நீக்கப்படாமலேயே இருந்தது.