அது கலைக்கிற குளிசை இல்லை

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை என்ர சிநேகிதி போர்டிங் அறைக் கதவைச் சாத்திப்போட்டு, "கொண்டம் கிழிஞ்சுபோச்சடி" எண்டாள். முதல் நாள் இரவு நடந்தது. அவள் சொல்லித்தான் இதை எழுதுறன். பெயர் மட்டும் வேண்டாமாம்.

நாங்கள் ரெண்டு பேரும் உயர்தரத்தில உயிரியல் படிச்சனாங்கள். சூலகத்தைக் கீறி, பாகம் குறிச்சு, புள்ளி வாங்கின ஆக்கள். ஆனால் அண்டைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது 'போஸ்டினோர்' எண்ட ஒரு சொல் மட்டும்தான்.

பாமசிக்கு நான் போனன். வயசான ஐயா ஒருத்தர் நிண்டார். குளிசையின் பெயரைச் சொன்னதும் என்ர கழுத்தைப் பார்த்தார், தாலி இருக்கோ எண்டு. "பிள்ளை, இது கலைக்கிற குளிசை. பாவம்" எண்டார். வாங்காமல் திரும்பி வந்திட்டன். வெக்கத்தால மட்டுமில்லை, அவர் சொன்னதை நான் நம்பினன். அவளும் நம்பினாள். "அப்ப எனக்கு வேண்டாம்" எண்டு அழுதுகொண்டு படுத்திட்டாள். ஒரு பகலும் ஒரு இரவும் அப்பிடியே போச்சுது.

திங்கள் விடிய, மருத்துவபீடத்தில படிக்கிற ஒரு அக்காவுக்குப் போன் எடுத்தம். அவ சொன்னதை என்ர பாசையில சொல்லுறன்.

உடலுறவு நடந்த உடனேயே கரு உண்டாகிறதில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரைக்கும் உயிரோடு இருக்கும். வெளியே வந்த முட்டையோ ஒரு நாள்தான் தாக்குப்பிடிக்கும். ஆகவே பல நேரம் விந்தணுதான் முட்டைக்காகக் காத்திருக்கிறது, பஸ் தரிப்பிடத்தில நிக்கிற சனம் மாதிரி. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். எண்ட ஓமோனைத் திடீரெண்டு கூடுதலாகச் சுரக்கும்போதுதான் சூலகம் முட்டையை வெளியே விடும். குளிசையில் உள்ள 1.5 மில்லிகிராம் லெவோநொர்ஜெஸ்ட்ரெல் அந்த எழுச்சியை மறிக்குது, இல்லாட்டி பிந்தப்பண்ணுது. பஸ் டிப்போவிலயே நிக்கும். தரிப்பிடத்தில நிண்ட சனத்தின் ஆயுள் முடிஞ்சுபோகும்.

பஸ் ஏற்கெனவே வெளிக்கிட்டிட்டால்? எல்.எச். ஏறத் தொடங்கினாப்பிறகு குளிசையால பெரிசாக ஒண்டும் செய்ய ஏலாது. கரு தங்கியிருந்தால் அதைக் கலைக்கவும் மாட்டாது, பழுதாக்கவும் மாட்டாது. கலைக்கப் பாவிக்கிற மிபெப்ரிஸ்டோனும் மிசோப்ரொஸ்டோலும் வேற மருந்துகள். எங்கட 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்பை அனுமதிக்குது. அதே நாட்டில இந்தக் குளிசையைப் பாமசியில சட்டப்படி வாங்கலாம். ஐயா அதை யோசிக்கேல்லை, நானும் யோசிக்கேல்லை.

72 மணித்தியாலத்துக்குள் போடோணும் எண்டதைக் கேட்டு, மூண்டு நாள் இருக்குதுதானே எண்டு ஆறுதலாக இருக்கக் கூடாதாம். பஸ் எப்ப வெளிக்கிடும் எண்டு ஆருக்கும் தெரியாது. ஐந்து நாளுக்குள் செம்பு லூப் போட்டால் குளிசையை விட நம்பகமாம். (கலியாணம் கட்டாத பிள்ளை கிளினிக்கில போய் லூப் கேக்கிறதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.)

திங்கள் மத்தியானம் வேற பாமசிக்குப் போனம். அங்க நிண்ட பிள்ளை ஒண்டும் கேக்கேல்லை. "மூண்டு மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுத்தா திரும்பப் போடோணும் அக்கா" எண்டது மட்டும்தான். கிட்டத்தட்ட 40 மணித்தியாலம் கழிச்சு அவள் குளிசையைப் போட்டாள். அடுத்த பீரியட் ஐந்து நாள் பிந்தினது. குளிசையால அப்பிடிப் பிந்தலாம் எண்டு அக்கா சொல்லியிருந்தவ, ஆனாலும் அந்த ஐந்து நாளும் நாங்கள் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை. இன்னொண்டையும் அக்கா சொன்னவ: மறிச்ச பஸ் பிறகு வரும். அதால அந்த மாதம் முழுக்க இன்னும் கவனமாக இருக்கோணும்.

அந்த முதல் பாமசியிலதான் இப்பவும் பனடோல் வாங்கிறன். ஐயாவுக்கு இதைச் சொல்லோணும் எண்டு ஒவ்வொரு முறையும் நினைச்சுக்கொண்டு போறது. காசைக் குடுத்திட்டு, மிச்சத்தை வாங்கிக்கொண்டு வந்திடுவன்.