கஜாவுக்குப் பிறகு ஓடிய ஜெனரேட்டர்கள்

2018 நவம்பர் 16 விடிவதற்குள் எங்கள் ஊரில் நின்ற தென்னைகளைவிட விழுந்தவை அதிகமாகிவிட்டன. பேராவூரணிப் பக்கத்துக்காரருக்குக் கஜாவைப் பற்றி இதற்குமேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்கிறேன். நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல், நிலத்துக்கு வந்தும் தணியாமல் எங்கள் பக்கமாக மேற்கே போனது. முதலில் வடக்கேயிருந்து அடித்தது. கொஞ்ச நேரம் ஓய்ந்தது. முடிந்ததென்று கதவைத் திறந்து பார்த்தவர்கள் மீது தெற்கேயிருந்து திருப்பி அடித்தது. முதல் அடியில் சாய்ந்த மரமும் கம்பமும் இரண்டாவது அடியில் முறிந்தன. அந்தப் புயலில் விழுந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்.

எனக்கு மைக்செட் தொழில். கார்த்திகை பிறக்கவிருந்த நேரம். ஐயப்ப பூஜைகளுக்கும் கல்யாணங்களுக்கும் அட்வான்ஸ் வாங்கி வைத்திருந்தேன். கொட்டகை சரிந்து ஸ்பீக்கர் பெட்டிகளெல்லாம் நனைந்து ஊறிப்போயின. ஜெனரேட்டர்கள் மட்டும் தப்பித்தன. ஒன்று சின்னது, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. இன்னொன்று டிரெய்லரில் ஏற்றிய டீசல் மிஷின். கரண்ட் திரும்பி வரும்வரை இந்த இரண்டோடும்தான் ஊர் ஊராக அலைந்தேன்.

யாரும் முதலில் விளக்கு கேட்கவில்லை, தண்ணீர்தான் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அடிபம்பு வழக்கொழிந்து ரொம்ப காலமாயிற்று. வீட்டுக்கு வீடு போர், அதற்குள் சப்மெர்சிபிள் மோட்டார். கரண்ட் இல்லையென்றால் காலடியில் தண்ணீர் இருந்தும் நாக்கு வறளும். பாதையில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளிவிட்டு, டிராக்டரில் டீசல் மிஷினைக் கட்டி இழுத்துப் போய் பஞ்சாயத்து டேங்கை நிரப்பினோம். அடுத்தபடியாக செல்போன் சார்ஜ். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு "உசுரோட இருக்கோம்" என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போன் காத்திருந்தது. ஒரு பலகையில் பதினைந்து இருபது பிளக் பாயிண்ட் அடித்து வைத்தேன். சார்ஜுக்குக் காசு வாங்கவில்லை. வாங்கியவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், பெட்ரோல் பங்குகளில் பம்பு ஓடவே ஜெனரேட்டர் தேவைப்பட்ட நேரம் அது. மணிக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று கேட்டவர்களைப் பற்றி மட்டும் இன்றைக்கும் நல்ல வார்த்தை வராது.

பத்து நாளைக்குள் வெளியூர்களிலிருந்து புது மிஷின்கள் வந்து இறங்கின. தென்னை போன வீட்டில்கூட நகையை அடகு வைத்து ஒன்று வாங்கினார்கள். கயிற்றை இழுத்தால் கிளம்பிவிடும் என்பதைத் தவிர அதைப் பற்றி அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. மிஷின் கெட்டுப்போனதென்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல் மிஷின் நன்றாகத்தான் இருந்தது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே 746 வாட்டுக்கு மேல் இழுக்கும், கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓட்டத்துக்கு ஐந்து ஆறு மடங்கு கேட்கும். ஃப்ரிட்ஜ், டிவி, நாலு ஃபேன் எல்லாவற்றையும் போட்டு வைத்துவிட்டு அதன்மேல் மோட்டாரையும் தட்டினால் சின்ன மிஷின் முக்கி முனகி நின்றுதான் போகும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை முதலில் போடுங்கள், அது ஓட்டம் பிடித்த பிறகு மற்றதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். ஓடுகிற மிஷினில் பெட்ரோல் ஊற்றுகிறவர்களிடம் மட்டும் சத்தம் போட்டிருக்கிறேன். சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும், ஒரு சொட்டு சிந்தினால் போதும். நிறுத்தி, சூடு ஆறவிட்டு ஊற்ற கால் மணி நேரம் இருட்டில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் கேனில் பெட்ரோல் வாங்கி அடுப்படியில் வைத்திருந்த வீடுகளையும் பார்த்தேன். அங்கே எதுவும் நடக்காதது அந்த வீட்டுக்காரர்களின் குலசாமி புண்ணியம்.

புயலுக்கு அடுத்த வாரம் மறுபடி மழை. அந்த மழையில்தான் பக்கத்துத் தெரு வீட்டில் அது நடந்தது. மிஷின் நனையக் கூடாது, ராத்திரியில் யாரும் தூக்கிப்போய்விடவும் கூடாது என்று அதைப் பின்கட்டுக்குள் வைத்து, சத்தத்துக்காக நடுக்கதவைச் சாத்திவிட்டார்கள். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று ஒரு நிம்மதி. விடிகாலையில் மருமகளுக்குத் தலைவலி, வாந்தி. பிள்ளைகள் இரண்டும் எழுப்ப எழுப்பத் துவண்டு விழுந்தன. அந்த வீட்டுக்காரர் என்னிடம் ஓடிவந்தார். "அண்ணே, டேங்குத் தண்ணியில என்னமோ கலந்திருக்கு. ஒட்டுமொத்தமா எல்லாரும் படுத்துட்டாங்க."

தண்ணீரைப் பற்றித்தான் ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்தது, அதனால் யாருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமிலிருந்து வந்த நர்ஸம்மாதான் வாசலில் நின்றபடி கேட்டார், "அப்பாயிக்கு ஒண்ணும் இல்லையா? அவுங்களும் இந்தத் தண்ணிதானே குடிச்சாங்க?" அப்பாயி, அந்த வீட்டுப் பாட்டி, நன்றாக இருந்தது. மிஷின் சத்தத்தில் தூக்கம் வராமல் கட்டிலை இழுத்துத் திண்ணையில் போட்டு அங்கேயே படுத்துவிட்டது. நர்ஸம்மா அடுத்த கேள்வியைக் கேட்குமுன் நாங்கள் பின்கட்டுக்கு ஓடினோம். மிஷினை நிறுத்தி, எல்லாரையும் தூக்கி வாசலில் கிடத்தி, அங்கிருந்து வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டார்கள்.

இத்தனை காலம் ஜெனரேட்டரோடு குப்பை கொட்டிய எனக்கு, புகை கெடுதல் என்று தெரியும். அது எப்படிக் கொல்கிறது என்பதை அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் சொல்லித்தான் கேட்டேன். கண்ணைக் கரிக்கும் புகை இருப்பதாவது நமக்குத் தெரியும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். மூச்சு நன்றாக ஓடும், உடம்புக்கு மட்டும் காற்று போய்ச் சேராது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஏதோ காய்ச்சலுக்கு முன்னால் வருவதுபோலத்தான் தெரியும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. ஒரு வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே போனால் தெளிகிறது என்றால் சாப்பாட்டையும் தண்ணீரையும் பிறகு விசாரிக்கலாம், முதலில் ஆட்களை வெளியே கொண்டுவர வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்ததெல்லாம் கணக்கில் வராது. மிஷின் வீட்டைவிட்டு இருபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும், சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்க்கக் கூடாது, இதைச் சொல்லப்போய் எனக்கு இரண்டு வீட்டாரோடு சண்டையே வந்தது. மழைக்கு நாலு கம்பு நட்டு, பக்கம் திறந்த ஒரு கூரை போட்டால் போதும். திருட்டுக்குச் சங்கிலி இருக்கிறது.

பிறகு கம்பத்து ஆட்கள் வந்தார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், கேரளாவிலிருந்தும் வந்தவர்கள். சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து, பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்து வேலை பார்த்தார்கள். எங்கள் ஊரார் கையில் இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு சாயங்காலம். மெயின் லைனில் கரண்டே இல்லை, துணை மின்நிலையத்திலிருந்து இங்கே வரை கம்பி தொடர்ச்சியாகவே இல்லை. ஆனாலும் வந்த குழுவில் மூத்தவர், கூட வந்த ஒரு பையன் ஏறுவதற்கு முன்னால், மண்ணோடு இணைத்த எர்த் ராடைத் தூக்கிக் கம்பியில் மாட்டினார். 'பட்'டென்று ஒரு பொறி. நாலு வீடு தள்ளி ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டர் முக்கி நின்றது.

யாரும் பேசவில்லை. ஏற இருந்த பையன் கம்பத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவர் பிளக் பாயிண்டில். மெயினை அணைக்கவில்லை. வீடு முழுக்க லைட் எரிய இது சுலபமான வழி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமான கரண்ட் கட்டில் இப்படிச் செய்தால் தெருவே அந்தச் சின்ன மிஷினின் தலையில் ஏறும், அது உடனே படுத்துவிடும். புயலுக்குப் பிறகு கம்பி அங்கங்கே அறுந்து கிடப்பதால் சுமை இல்லை, மிஷின் பாட்டுக்கு ஓடும், செத்துக் கிடந்த கம்பிக்கு உயிர் வந்துவிடும். டிரான்ஸ்பார்மர் வரை கம்பி முழுசாக இருந்தால் இன்னும் மோசம். 11,000 வோல்ட்டை இறக்கி வீட்டுக்குத் தருவது அதன் வேலை. வீட்டுப் பக்கமிருந்து 230 வோல்ட் போனால் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகி, மறுபக்கக் கம்பியில் 11,000 வோல்ட்டை ஒட்டி ஏறிவிடும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கம்பத்தில் இருப்பவருக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது.

வீட்டுக்காரர் தெரியாமல் செய்தவர், அழுதேவிட்டார். மூத்தவர் கோபப்படவில்லை. அந்த ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "சேஞ்ச்ஓவர் வாங்கி மாட்டுங்க ஐயா, அதுவரைக்கும் மிஷின்ல இருந்து நேரா ஒயர் இழுத்து லைட்டையும் ஃபேனையும் சொருகிக்குங்க" என்று மட்டும் சொன்னார். சேஞ்ச்ஓவர் சுவிட்சில் கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் மின்வாரியம், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் இரண்டும் கிடையாது. இரண்டும் ஒன்றாகச் சேர வழியே இல்லை. பேஸோடு நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் மாட்ட வேண்டும், மிஷின் பாடிக்குத் தனி எர்த் கொடுக்க வேண்டும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று மிஷினைத் தொடும் வழக்கம் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை.

அந்தப் புயலுக்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஜெனரேட்டரால் ஆபத்து வருவது பெரும்பாலும் கயிறு இழுத்தவருக்கு இல்லை. உள்ளே தூங்கும் பிள்ளைக்கும் கம்பத்தில் ஏறும் யாரோ ஒருவருக்கும்தான். இழுத்தவர் தைரியசாலியா பயந்தவரா என்பதால் இதில் எதுவும் மாறுவதில்லை. அதனால்தான் வாடகைக்கு மிஷின் கேட்டு வருபவரிடம் இப்போது முதல் கேள்வியாக எங்கே வைக்கப்போகிறீர்கள் என்றும், இரண்டாவதாக எதில் சொருகப்போகிறீர்கள் என்றும் கேட்கிறேன். பதில் பிடிக்கவில்லையென்றால் தருவதில்லை. பிழைப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால் ஒன்று செய்யுங்கள். புயலுக்குப் பிறகு உங்கள் தெருவில் கம்பம் ஏற ஆட்கள் வந்து நிற்கும்போது, அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே போய் "எங்க வீட்ல மிஷின் இருக்கு" என்று சொல்லுங்கள். கூட்டிவந்து சேஞ்ச்ஓவரைக் காட்டுங்கள். அவர்கள் இறங்கும்வரை மிஷினை நிறுத்தியே வையுங்கள்.