மாகறல் சொல்லும் முற்றத்துப் பாடம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் மாகறல். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற அவ்வூர்க் கோயிலின் தலமரம் எலுமிச்சை.

அன்புள்ள வாசகர்களே! உங்கள் வீட்டு முற்றத்தைச் சிமெண்டால் மூடிவிட்டீர்களா? பெய்யும் மழை தெருவிலோடி வீணாகிறது. கிணறோ கோடையில் வறள்கிறது. இவ்விழப்பைத் தடுக்கவே 2003இல் தமிழக அரசு கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது.

ஆள் தேடாதீர்கள், கடப்பாரையை நீங்களே எடுங்கள். சுவரைவிட்டுத் தள்ளி, இரண்டரை அடி ஆழ அகலத்தில் குழி தோண்டி, மேல்மண்ணுடன் மக்கிய சாண எருவைக் கலந்து நிரப்பி, எலுமிச்சங்கன்றை நடுங்கள். தண்டருகே நீர் தேங்கினால் வேர் அழுகும்; ஆகவே அடியில் மண் அணைத்து, சற்று விலகி வட்டப்பாத்தி கட்டுங்கள்.

காய்க்கச் சில ஆண்டுகளாகும். ஆனால் முதல் மழையிலேயே உங்கள் மண் நீர் குடிக்கத் தொடங்கிவிடும்.