பொதுச்சுவரும் பக்கத்து வீட்டு மாமியும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் பழைய வீடுகளில் பல, அண்டை வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கின்றன. எங்கள் வீடும் அத்தகையதே. கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துக் காரை உதிரத் தொடங்கியபோது, “சிமெண்ட் பூசிவிடுங்கள் ஹஜ்ரத், இரண்டு நாள் வேலை” என்றே பலரும் கூறினர்.

முதிய கொத்தனார் ஒருவர் மறுத்தார். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு காற்றில் விட்டுவிடும், சிமெண்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பையும் சுமந்து மேலே ஏறும், அல்லது சுவரின் மறுபுறம் வெளிப்படும் என்றார். மறுபுறம், கணவரை இழந்து தனித்து வாழும் மாமி ஒருவரின் படுக்கையறை.

ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் பொதுச்சுவரின் சட்டங்களை ‘ஸுல்ஹு’ எனும் சமரசப் பாடத்தில் வைத்துள்ளன. பங்குதாரரின் அனுமதியின்றி அதில் ஒரு முளை அடிப்பதும் ஆகாது. முளைக்கே அனுமதி வேண்டுமெனில், அவர் அறையை ஈரமாக்கும் பூச்சுக்கு? மாமியிடம் சென்று விவரம் கூறினேன். “உங்க பக்கம் நீங்க பூசுறதுக்கு என்னைய ஏன் தம்பி கேக்குறீங்க?” என்றார்.

விரல் முட்டியால் தட்டி, வெற்றொலி எழுந்த இடங்களில் மட்டும் காரையைப் பெயர்த்தோம். உறுதியானதைத் தொடவில்லை. உப்பை உலர்ந்த பிரஷால் துடைத்து, சுவரை நனைத்து, நீற்றிய சுண்ணாம்பும் ஆற்று மணலும் கலந்த சாந்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றினோம். (கடல்மணல் கூடவே கூடாது, அதிலேயே உப்பு இருக்கிறது.) ஒவ்வொரு பூச்சும் இறுகக் காத்திருந்ததில் ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. மேலே பிளாஸ்டிக் பெயிண்டும் இல்லை, சுண்ணாம்பு வெள்ளைதான். சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறது என்று பிள்ளைகள் முணுமுணுக்கின்றனர்.

மாமியின் பக்கத்தையும் அதே சாந்தால் பூசச் செய்தோம். செலவில் பாதியைத் தருவதில் அவர் பிடிவாதமாக இருந்தார். சுண்ணாம்பின் விலையை மட்டும் பெற்றுக்கொண்டேன்.