தரங்கம்பாடியில் தமிழ் படித்தவர்

சீகன்பால்கு என்றதும் அச்சுக்கூடமும், 1715-இல் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் அவரை நேசிப்பதற்குக் காரணம் வேறு.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய அந்த ஜெர்மன் இளைஞர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1708-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பட்டியலிட்டுவிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார்.

அவர் மதம் மாற்ற வந்தவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் சமயத்தைப் பற்றி நம்மவர்களிடமே கடிதம் எழுதிக் கேட்டார். வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார். அவை ஹாலே நகரில் அச்சாயின. சோழநாட்டு மக்கள் தங்கள் நம்பிக்கையைத் தாங்களே விளக்கியதை ஐரோப்பா அப்படித்தான் படித்தது.

1713-இல் நம் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார். அதை ஹாலேவுக்கு அனுப்பினார்; அங்கிருந்தவர்களுக்கு அதை அச்சிட மனமில்லை. 1867-இல்தான் அது சென்னையில் அச்சேறியது. அவரோ 1719-இலேயே, நாற்பது வயதை எட்டாமல் இறந்துபோனார்.

மாற்றாரின் நம்பிக்கையைப் பேசுமுன் அவர்களிடமே கேட்க வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்த அந்தப் பொறுமை இன்று நமக்கு அவசியம் வேண்டும்.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்துக்கும் போங்கள். அவர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.